மிதித்தும் ஓடவில்லை, விட்டும் நிற்கவில்லை: ஃபுட் சுவிட்ச் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

மிதித்தால் ஓடாத பெடல் வேலையைக் கெடுக்கும். காலை எடுத்த பிறகும் நிற்காத பெடல் கையைக் கெடுக்கும். அதனால் இங்கே நிற்காத கோளாறுகளை முதலில் வைத்திருக்கிறேன். உங்கள் மெஷின் ஓடவே இல்லை என்றாலும் அந்தப் பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டுக் கீழே இறங்குங்கள். இன்று ஓடாத பெடலை அவசரத்தில் தவறாகச் சரிசெய்தால், அதுவே நாளை நிற்காத பெடலாகிவிடும்.

மோட்டார் மாட்டிய வீட்டுத் தையல் மெஷின், சிறு பட்டறையில் இருக்கும் ஸ்பாட் வெல்டிங், பாக்கெட் ஒட்டும் சீலிங் மெஷின், ட்ரில், வளைக்கும் மெஷின் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இசைக் கீபோர்டில் சுரத்தை நீட்டும் சஸ்டெயின் பெடலுக்கும் இதே தர்க்கம்தான்.

திறக்கும் முன் இரண்டு காரியம்

சுவரில் உள்ள சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது, பிளக்கையே உருவுங்கள். பழைய வயரிங் உள்ள இடங்களில் சுவிட்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கலாம். ஃபேஸ் அப்படியே பெடல் வரை வந்து நிற்கும். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம். பஸ்ஸர் உள்ள சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். தையல் மெஷின் என்றால் ஊசியில் நூலைக் கழற்றி, பிரஷர் ஃபுட்டைத் தூக்கி, முடிந்தால் பெல்ட்டையும் கழற்றிவிடுங்கள். திடீரென ஓடினாலும் மோட்டார் மட்டும் சுற்றும்.

அடுத்து, உங்களிடம் இருப்பது எந்த வகைப் பெடல் என்று தெரிந்துகொள்ளுங்கள். மெதுவாக அழுத்தும்போது ஓரிடத்தில் ‘டிக்’ என்று கேட்டால் அது ஆன்-ஆஃப் வகை. உள்ளே ஒரு மைக்ரோ சுவிட்ச், அதில் மூன்று கால்கள்: காமன், என்.ஓ., என்.சி. மிதிக்காதபோது காமனுக்கும் என்.ஓ.-வுக்கும் தொடர்பு இருக்காது, மிதித்தால் சேரும். என்.சி. இதற்கு நேர் எதிர். அழுத்த அழுத்த வேகம் கூடினால் அது ஸ்பீடு கண்ட்ரோல் வகை. அதிலும் இரண்டு உண்டு. பழையதில் பீங்கான் குழாய்க்குள் கார்பன் வில்லைகள் அடுக்கியிருக்கும். அழுத்தினால் வில்லைகள் நெருங்கி மின்தடை குறையும். புதியதில் டிரையாக் (ஏ.சி. கரண்டைக் கூட்டிக் குறைக்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) வைத்த சிறிய எலக்ட்ரானிக் போர்டு இருக்கும். கார்மெண்ட்ஸ் மெஷின்களின் சர்வோ மோட்டார் பெடல் இந்த இரண்டிலும் சேராது. அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

காலை எடுத்தும் மெஷின் முழு வேகத்தில் ஓடுகிறது

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பெடலைத் தட்டிப் பார்ப்பது, இன்னொரு முறை மிதித்து விடுவிப்பது எதுவும் வேண்டாம்.

பெடலில் இருந்து வரும் இரண்டு வயரையும் மெஷின் பக்கம் கழற்றி, மிதிக்காமல் மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்துத் தொடுங்கள். சத்தம் வந்தால் கோளாறு பெடலிலோ அதன் வயரிலோதான். பெடலைத் திறந்து மைக்ரோ சுவிட்சிலிருந்து ஒரு வயரை விடுவித்துவிட்டு, சுவிட்சையும் வயரையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். வயர் பஸ்ஸர் அடித்தால் எங்கோ நசுங்கி உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. நாற்காலிக் கால், மெஷின் ஸ்டாண்டின் கால், டிராலிச் சக்கரம் இவை ஏறி இறங்கும் இடத்தைப் பாருங்கள். சுவிட்ச் பஸ்ஸர் அடித்தால், உள்ளே காண்டாக்ட் (தொட்டுப் பிரியும் உலோக முனைகள்) ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருக்கிறது. அல்லது ஸ்பிரிங் உடைந்து பொத்தான் உள்ளேயே நின்றுவிட்டது. எலக்ட்ரானிக் பெடலில் இதே அறிகுறி வந்தால் பெரும்பாலும் டிரையாக் ஷார்ட்.

ஒட்டிய காண்டாக்டைத் தட்டி விடுவித்து மறுபடி ஓட்டுபவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒருமுறை உருகிய முகம் கரடுமுரடாகிவிடும், அடுத்த முறை இன்னும் எளிதாக ஒட்டும். புது மைக்ரோ சுவிட்ச் வாங்கிப் போடுவதும் பாதி வேலைதான். ஏன் ஒட்டியது என்று கேட்டால்தான் மீதி முடியும்.

பெடலின் அடியில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். அரை குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 4, 5 ஆம்பியர்தான் இழுக்கும். கணக்குப்படி தாராளம் என்று தோன்றும். ஆனால் அந்த 10 ஆம்பியர் பல்ப், ஹீட்டர் போன்ற லோடுக்கான அளவு. மோட்டார் புறப்படும் கணத்தில் ஓடும் கரண்டைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். நிறுத்தும்போது காயில் தேக்கி வைத்த சக்தி காண்டாக்ட் இடைவெளியில் பொறியாகத் தாவும். நாளுக்கு நூற்றுக்கணக்கான தடவை மிதிக்கும் இடத்தில் இந்தச் சின்ன வெள்ளிப் பொட்டு எத்தனை மாதம் தாங்கும்?

தீர்வு ஒன்றுதான்: மோட்டார் கரண்டைப் பெடல் வழியாக ஓட்டாதீர்கள். நடுவில் ஒரு காண்டாக்டர் (காயிலில் கரண்ட் வந்தால் இழுத்துச் சேரும் பெரிய சுவிட்ச்) போடுங்கள். பெடல் காண்டாக்டரின் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கட்டும். மோட்டாரைக் காண்டாக்டர் சுமக்கட்டும். 24 வோல்ட் காயில் போட்டால் காலடியில் 230 வோல்ட் இருக்காது என்பது கூடுதல் நிம்மதி. டி.சி. காயில் என்றால் அதன் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றைத் தலைகீழ் திசையில் மாட்டுங்கள். ஏ.சி. காயில் என்றால் 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மெயின் லைனில் நேரடியாக மாட்டத் தகுந்த வகை) கப்பாசிட்டரும் தொடராக, காயிலின் குறுக்கே. பெடல் காண்டாக்டின் குறுக்கே போட்டுவிடாதீர்கள். ஏன் என்பது அடுத்த பத்தியில்.

பெடல் விட்டுவிட்டது, ஆனால் காண்டாக்டர் விடவில்லை

பெடலைச் சோதித்தால் சரியாக இருக்கிறது, மெஷின் மட்டும் நிற்கவில்லை. பிளக்கை உருவிய பின் காண்டாக்டர் தன் நிலைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் அதன் முகம் உருகியிருக்கிறது, அல்லது எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒட்டுகிறது. திரும்பினால், காயிலுக்கு எங்கிருந்தோ கரண்ட் கசிகிறது என்று பொருள். பெடல் காண்டாக்டின் குறுக்கே யாராவது கப்பாசிட்டர் போட்டிருந்தால் அதன் வழியே கசியும். காண்டாக்டரின் சின்னத் தம்பியான 230 வோல்ட் ரிலேவுக்கு மிக நீண்ட வயர் இழுத்திருந்தாலும் இதே கதைதான். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் வயர்களே கப்பாசிட்டர் போல நடந்து, ரிலேவைப் பிடித்து வைக்கும் அளவுக்குக் கரண்ட் விடும். காயிலை 24 வோல்ட் டி.சி.-க்கு மாற்றினால் தீரும்.

இன்னொரு காரணம் அரிது, ஆனால் மிக மோசமானது. கண்ட்ரோல் சர்க்யூட்டின் ஒரு பக்கம் எர்த்தோடு சேர்ந்திருந்து, பெடலை அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்தால், பெடல் வயர் உரிந்து மெஷின் பாடியைத் தொட்ட கணமே யாரும் மிதிக்காமல் மெஷின் ஓடும். பெடல் எப்போதும் எர்த் ஆகாத பக்கத்தில், அதாவது ஃபேஸ் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அப்போது அதே உரிந்த வயர் ஃபியூஸை அடித்துவிட்டு நிற்கும். கோளாறு வந்தால் நிற்கும் பக்கமாக வயரிங் செய்வது. பெடல் வேலையில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று இது.

மிதிக்காமலே மெதுவாக ஊர்கிறது, அல்லது மோட்டார் முனகுகிறது

வீட்டுத் தையல் மெஷினில் அடிக்கடி வருவது. பழைய பெடல்களில் ரேடியோ இரைச்சலைத் தடுக்க ஒரு கப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். வயதானால் அது கசியத் தொடங்கும். பெடலின் காண்டாக்ட் திறந்திருந்தாலும் அதைச் சுற்றிக்கொண்டு கரண்ட் போகும், மெஷின் தானாக ஊரும். சில நாளில் கருகிய வாடை, பிறகு புகை. பெடலைத் திறந்தால் வெடித்த, உப்பிய, அல்லது பிசுபிசுவென்று ஏதோ வழிந்த சின்ன உருளையோ பெட்டியோ தெரியும். அதுதான். மாற்றும்போது 275 வோல்ட் ஏ.சி., எக்ஸ்2 என்று அச்சிட்டதை மட்டும் போடுங்கள். 400 வோல்ட் டி.சி. என்று மட்டும் எழுதியதைக் கடைக்காரர் அதே வேலையைச் செய்யும் என்று கொடுத்தாலும் வாங்க வேண்டாம். மெயின் லைனில் எப்போதும் கிடக்கப் பழக்கப்பட்டது அல்ல அது.

கப்பாசிட்டர் நன்றாக இருந்தால், கார்பன் அடுக்கின் திருகு அதிகம் முடுக்கப்பட்டிருக்கலாம். திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் பிளக் இல்லாமல் மீட்டரில் பாருங்கள். மிதிக்காதபோது தொடர்பே காட்டக்கூடாது.

இந்த அறிகுறி உள்ள மெஷினை ‘மெதுவாகத்தானே ஓடுகிறது’ என்று வைத்துக்கொண்டு தைக்காதீர்கள். ஊசி மாற்றும்போதும் நூல் கோக்கும்போதும் விரல் ஊசிக்கு அடியில்தான் இருக்கிறது.

கரண்ட் போய் வந்ததும் தானாக ஓடத் தொடங்குகிறது

பெடலில் கோளாறே இல்லை, தேர்வில்தான் கோளாறு. ஒருமுறை மிதித்தால் ஆன், மறுமுறை மிதித்தால் ஆஃப் என்ற வகைப் பெடலை மெஷினுக்கு மாட்டியிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது, மெஷின் நின்றுவிட்டதே என்று மாட்டிய துண்டை எடுக்கக் கையை உள்ளே விடுகிறோம், கரண்ட் வருகிறது. பெடல் இன்னும் ஆனிலேயே இருக்கிறது.

அப்படி நிலைத்து நிற்கும் பெடல் மேசை விளக்குக்கும் புகை உறிஞ்சும் ஃபேனுக்கும் பொருந்தும். கை நுழையும் எந்த மெஷினுக்கும் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் பெடலே வேண்டும். கை நுழையாத மெஷின் நீண்ட நேரம் ஓட வேண்டும், காலை எடுக்க முடியவில்லை என்றால் ஸ்டார்ட்டர் போட்டு, பெடலை ஸ்டார்ட் பொத்தானுக்கு இணையாகக் கொடுங்கள். ஸ்டார்ட்டர் கரண்ட் போனால் விட்டுவிடும், திரும்ப வந்தால் தானாகப் பிடிக்காது. நிறுத்துவதற்குக் கைக்கு எட்டும் தூரத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்று கட்டாயம்.

மிதித்தால் எதுவும் நடக்கவில்லை

பெடலைக் குற்றம் சொல்லும் முன் பிளக் பாயிண்டில் கரண்ட் இருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, தையல் மெஷினில் பாபின் சுற்றும் கிளட்ச் இழுத்து விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச் தளர்ந்திருந்தால் மோட்டார் சுற்றும், ஊசி அசையாது.

பெடலா மோட்டாரா என்று பிரிப்பதற்கு: பிளக்கை உருவி, பெடலின் இரு வயரையும் மீட்டரில் பிடித்து மெதுவாக அழுத்துங்கள். ஆன்-ஆஃப் வகை ‘டிக்’ ஆனதும் பஸ்ஸர் அடிக்க வேண்டும். கார்பன் வகையில் எண் பெரிதாகத் தொடங்கி இறங்கி, முழுதாக மிதித்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். எலக்ட்ரானிக் வகையை மீட்டரில் இப்படிச் சோதிக்க முடியாது. மோட்டாரின் இடத்தில் 60 வாட் இழை பல்பு ஒன்றை ஹோல்டரோடு தொடராக மாட்டி, மிதித்துப் பாருங்கள். வெளிச்சம் படிப்படியாக ஏறினால் பெடல் நலம், கோளாறு மோட்டாரில். எல்.இ.டி. பல்பை வைத்துச் செய்தால் குழப்பமான பதில்தான் கிடைக்கும்.

பெடல் சரி, மோட்டார் ஓடவில்லை என்றால் கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு) தேய்ந்திருக்கலாம். பெரும்பாலான தையல் மோட்டாரில் பக்கவாட்டில் இரண்டு பிளாஸ்டிக் திருகு மூடிகளைக் கழற்றினால் பிரஷ் வெளியே வரும்.

சீலிங் மெஷினில் ஒரு தனிக்கதை உண்டு. மிதித்தால் தாடை இறங்குகிறது, கவர் ஒட்டவில்லை. பலர் நேரே ஹீட்டிங் பட்டையை மாற்றிவிடுவார்கள். பல மாடல்களில் தாடை கடைசியாக இறங்கும்போது ஒரு சின்ன மைக்ரோ சுவிட்சைத் தொட்டால்தான் சூடாக்கும் கரண்ட் போகும். லிவர் கம்பி நாளடைவில் வளைந்து, சுவிட்சுக்கு ஒரு நூலளவு முன்னாலேயே நின்றுவிடும். தாடை மூடும்போது ‘டிக்’ கேட்கிறதா என்று காது கொடுங்கள். கேட்கவில்லை என்றால் சுவிட்சைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, கொஞ்சம் நகர்த்தி வைத்தால் முடிந்தது.

நம் ஊர்ப் பெடல்களுக்கே உரிய இன்னொரு காரணம், எறும்பு. தரையில் கிடக்கும், வெதுவெதுப்பான, இருட்டான பெட்டி அது. எறும்பு காண்டாக்டுக்கு இடையில் நசுங்கி ஒட்டினால் தொடர்பு கிடைக்காது. பஞ்சு, நூல் துணுக்கு, முடி இவையும் அப்படியே. காய்ந்த பிரஷால் துடைத்து, புளோவரால் ஊதுங்கள். காண்டாக்ட் கிளீனர் சுவிட்சுக்குச் சரி. கார்பன் அடுக்கில் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ படவே கூடாது.

சில நேரம் ஓடுகிறது, சில நேரம் இல்லை

பத்தில் எட்டு என்று எண்ணிச் சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: வயர் பெடலுக்குள் நுழையும் இடம். பெடலைக் காலால் தள்ளுவோம், வயரைப் பிடித்து இழுப்போம். எல்லா வளைவும் அந்த ஓர் அங்குலத்தில்தான் விழும். உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். பெடலை அழுத்திப் பிடித்தபடி, மீட்டரை பஸ்ஸரில் வைத்து, வயரை நுழைவாயில் பக்கம் இப்படியும் அப்படியும் வளையுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

அறுந்த இடத்தை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். அதிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி வெட்டி எறிந்துவிட்டு, நல்ல வயரை மறுபடி உள்ளே கொண்டுவந்து, கிளாம்பில் இறுக்கி, முனையில் லக் (திருகில் மாட்டும் உலோகக் கொண்டி) அடித்து மாட்டுங்கள். இழுத்தால் இழுவை கிளாம்பில் நிற்க வேண்டும், திருகில் அல்ல. புது வயர் போடுவதாக இருந்தால் பல இழை உள்ள, ரப்பர் உறை போட்ட ஃபிளெக்ஸிபிள் வயர். சுவருக்குள் ஓட்டும் ஹவுஸ் வயரிங் மீதம் இருக்கிறதே என்று போட்டால் சில வாரங்களில் அதே இடத்தில் அறும்.

மெதுவாக ஓடாது, எடுத்ததும் பறக்கிறது

கார்பன் பெடலில் வில்லைகள் தேய்ந்தால் அடுக்கு குட்டையாகும். பாதி மிதி வரை ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று முழு வேகம். ஏனென்றால் கார்பனைத் தாண்டி, முழு மிதிக்கான நேரடிக் காண்டாக்ட் மட்டும்தான் சரியாகத் தொடுகிறது. உடைந்த வில்லைகளை எடுத்துவிட்டு, அடுக்கின் முனையில் ஒரு மெல்லிய பித்தளை வாஷர் வைத்து உயரத்தைச் சரிசெய்வதுண்டு. அது கொஞ்ச காலம் ஓடும். வில்லைகள் பல உடைந்திருந்தால் எலக்ட்ரானிக் பெடலுக்கு மாறிவிடுவது நல்லது. மாறும்போது மோட்டாரின் வாட்டைப் பார்த்து அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் பெடலாக வாங்குங்கள். ஏ.சி. மோட்டாருக்கு என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெடல் 110 வோல்ட் என்றால் இங்கே செருகவே கூடாது.

சர்வோ மோட்டார் மெஷினில் இதே அறிகுறிக்குக் காரணம் வேறு. அங்கே பெடலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு கம்பிதான். கம்பி லிவரை நகர்த்துகிறது, லிவரின் நிலையை உள்ளே இருக்கும் சென்சார் படிக்கிறது. கம்பியின் நீளம் சரியில்லை என்றால் நடு நிலை தப்பிவிடும்: காலை வைத்ததும் ஓடும், அல்லது குதிகாலால் பின்னால் அழுத்தினாலும் நூல் வெட்டாது. பந்து மூட்டின் நட்டைத் தளர்த்தி நீளத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு பழக்கம்: மெஷினை ஆன் செய்யும்போது கால் பெடலில் இருக்கக்கூடாது. அந்த நேரத்தில் பெடல் அழுந்தியிருந்தால் பல கண்ட்ரோலர்கள் எரர் காட்டி நின்றுவிடும். கண்ட்ரோலரை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்.

பெடல் சுடுகிறது

கார்பன் பெடல் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. மெதுவாகத் தைக்கும்போது மோட்டாருக்குப் போகாத மின்சாரம் பெடலுக்குள்தான் வெப்பமாகிறது. அதனால் நெடுநேரம் மிக மெதுவாக ஓட்டுவதுதான் அதைச் சுட வைக்கும், வேகமாக ஓட்டுவது அல்ல. காற்றுத் துளைகளை அடைக்கும் மிதியடி, துணிக்குவியல் மேல் வைக்காதீர்கள். தைத்து முடித்ததும் பிளக்கை எடுத்துவிடுங்கள். பெடல் மேல் துணிக்கூடையை வைத்துவிட்டுப் போவதால் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்மையானது. ஆன்-ஆஃப் பெடல் சுட்டால் அது இயல்பே அல்ல. காண்டாக்ட் கெட்டிருக்கிறது, அல்லது திருகு லூஸ்.

ஒரு மிதிக்கு இரண்டு வேலை நடக்கிறது. அல்லது மிதி பதிவாகவே இல்லை

எண்ணிக்கை காட்டும் கவுண்டர், பி.எல்.சி. (மெஷினை இயக்கும் புரோகிராம் கண்ட்ரோலர்), கணினி போன்றவற்றோடு சேர்த்த பெடலில் வருவது. காண்டாக்ட் மூடும்போது சில மில்லிசெகண்டு துள்ளும். மோட்டாருக்கு அது தெரியாது, எலக்ட்ரானிக் இன்புட் இரண்டு மிதியாக எண்ணிவிடும். புரோகிராமில் 20 முதல் 50 மில்லிசெகண்டு வரை காத்திருக்கச் சொன்னால் சரியாகும்.

பதிவாகாத மிதிக்குக் காரணம் எதிர்ப்பக்கம். பெரிய லோடுக்கான வெள்ளிக் காண்டாக்டின் மேல் மெல்லிய படலம் படியும். பெரிய லோடில் வரும் பொறி அந்தப் படலத்தை எரித்துச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். 5 வோல்ட் சிக்னலில் பொறியே இல்லை, படலம் அப்படியே நிற்கும். இதற்குத் தங்க முலாம் பூசிய காண்டாக்ட் உள்ள பெடல் கேட்டு வாங்க வேண்டும். அதை ஒருமுறை மோட்டாருக்குப் பயன்படுத்திவிட்டால் முலாம் எரிந்துபோய், திரும்பச் சிக்னலுக்கு உதவாது.

தலைகீழாக வேலை செய்கிறது

மிதித்தால் நிற்கிறது, விட்டால் ஓடுகிறது. வயர் என்.ஓ.-வுக்குப் பதில் என்.சி.-யில் இருக்கிறது, மாற்றி மாட்டுங்கள். இசைக் கீபோர்டில் விட்டால் சுரம் நீள்கிறது, மிதித்தால் அறுகிறது என்றால் பெடலும் கீபோர்டும் வேறு வேறு முறையைச் சேர்ந்தவை. பல கீபோர்டுகள் ஆன் ஆகும்போது பெடலின் நிலையைப் பார்த்து அதையே ‘விட்ட நிலை’ என்று எடுத்துக்கொள்ளும். ஆஃப் செய்து, காலை விலக்கி வைத்து, மறுபடி ஆன் செய்யுங்கள். சில பெடல்களின் அடியில் மாற்றிக்கொள்ளச் சின்ன சுவிட்சே இருக்கும்.

ஷாக் அடிக்கிறது, அல்லது மிதித்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது

உடனே நிறுத்துங்கள். ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச். வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பவர் காலடியில் இருக்கும் உலோகப் பெட்டிதான் பெடல். பிளக்கின் எர்த் பின்னுக்கும் பெடலின் உலோகத்துக்கும் மீட்டரில் தொடர்பு இருக்கிறதா பாருங்கள். பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டுத் தொடுங்கள். இல்லை என்றால் மூன்று கோர் வயர் போட்டு, எர்த்தைப் பெடல் பாடியில் திருக வேண்டும். ஆர்.சி.சி.பி. விழுவதை நிறுத்த ஆர்.சி.சி.பி.-யைக் கழற்றும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். 30 மில்லியாம்பியரில் விழும் அந்தப் பெட்டிதான் அங்கே காவல்.

தினமும் தண்ணீர் படும் இடத்தில் எர்த் இருந்தும் நிம்மதி இல்லை. அங்கே காற்றுப் பெடல் போடலாம். காலடியில் ரப்பர் பை, அதிலிருந்து மெல்லிய குழாய். மிதித்தால் காற்று போய் தூரத்தில் இருக்கும் சுவிட்சை அழுத்தும். காலடியில் மின்சாரமே கிடையாது. அது வேலை செய்யாவிட்டால் குழாயில் ஊசித்துளை, அல்லது முனை கழன்றிருக்கும். வேறு கோளாறு அதில் அரிது.

புதிதாக வாங்கும்போது

மேலே சொன்னவற்றிலிருந்தே பாதித் தேர்வு முடிந்திருக்கும்: அழுத்திப் பிடிக்கும் வகையா, எந்த லோடு, ஈரமா காய்ந்ததா. பெட்டியில் ஐபி என்று ஓர் எண் இருக்கும். ஐபி 20 விரல் நுழையாத அளவு மறைவு மட்டுமே, தண்ணீருக்கு எந்தக் காப்பும் இல்லை. தரையைக் கழுவும் இடத்துக்குக் கடைசி எண் 5 அல்லது 6 வேண்டும். மருத்துவக் கருவிகளின் பாதுகாப்புத் தரமான ஐ.இ.சி. 60601-1, காலால் இயக்கும் பெடல் ஒரு மனிதனின் முழு எடையைத் தாங்க வேண்டும் என்று 1350 நியூட்டன் விசை கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறது. அறுவை அரங்கு போல திரவம் சிந்தும் இடங்களுக்கு ஐபிஎக்ஸ்6 கேட்கிறது. பல் மருத்துவமனைக்குப் பெடல் வாங்குபவர் பட்டறைப் பெடலைக் குறைந்த விலை என்று எடுக்க வேண்டாம்.

உலோகத்தை வளைக்கும், துளைக்கும், வெல்டு செய்யும் மெஷின் எதுவானாலும் மேலே கூண்டு மூடிய பெடல்தான். கால் முன்னாலிருந்து உள்ளே நுழைந்தால் மட்டுமே மிதிக்க முடிய வேண்டும். மேலிருந்து ஸ்பேனர் விழுந்தாலும், பக்கத்தில் நடப்பவர் தெரியாமல் மிதித்தாலும் ஓடக்கூடாது. இரண்டாம் அழுத்தத்தில் நின்றுவிடும் பெடல்களும் கிடைக்கின்றன: பாதி மிதித்தால் ஓடும், பதறி முழுதாக மிதித்தால் தொடர்பை அறுத்துப் பூட்டிக்கொள்ளும். ஆபத்து வரும்போது மனிதனின் கால் விலகுவதைவிட இறுகுவது அதிகம் என்பதை அறிந்து செய்தது அது. விலை கூடுதல், கொடுக்கத் தகும்.

பவர் பிரஸ்ஸில் டைக்கு (உலோகத்தை அழுத்தி வடிவமாக்கும் அச்சு) நடுவே கை போகும் வேலை என்றால், எந்தப் பெடலும் தனியாகப் போதாது. கூண்டு போட்ட பெடலோடு டையைச் சுற்றிக் கார்டும் (கையைத் தடுக்கும் மறைப்பு) வேண்டும், அல்லது இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தும் பொத்தான்களுக்கு மாற வேண்டும். மெஷினின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆம் பிரிவில் எழுதி வைத்ததும் இதற்காகத்தான். கால் சுதந்திரமாக இருந்தால் கை எங்கே இருக்கிறது என்று பெடலுக்குத் தெரியாது.

பெடல் வழுக்கிக்கொண்டு போனால் அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டுங்கள், நன்றாகப் பிடிக்கும். உட்கார்ந்து வேலை செய்பவருக்குக் குதிகால் தரையிலோ பெடலின் மேலோ முழுதாகப் பதிய வேண்டும். காலை அந்தரத்தில் தூக்கியபடி காத்திருக்க வைக்கும் உயரமான பெடல் மாலைக்குள் முழங்காலையும் இடுப்பையும் பிடித்துவிடும். நின்று வேலை செய்பவருக்கு உயரம் குறைந்த பெடல், அதையும் அவ்வப்போது மறுகாலுக்கு மாற்றி வைக்க வயரில் தாராள நீளம்.

எல்லாம் மாட்டியபின், பெல்ட் இல்லாமல், அல்லது துண்டு எதுவும் வைக்காமல் இருபது முப்பது முறை மிதித்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் விட்டதும் நிற்க வேண்டும். பிறகு ஓடும்போது மெயினை ஆஃப் செய்து, காலை எடுத்துவிட்டு, மறுபடி ஆன் செய்யுங்கள். அமைதியாக இருக்க வேண்டும். காண்டாக்டர் போட்டிருந்தால் ஓடும்போதே பெடலின் இணைப்பைக் கண்ட்ரோல் பெட்டிப் பக்கம் உருவிப் பாருங்கள். அப்போதும் நிற்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் பெல்ட்டை மாட்டலாம்.